ஒன்றரை நிமிஷத்தில் இறங்க வேண்டிய சனம்

போன கிழமை கொட்டாஞ்சேனைச் சந்தையில் ஒரு பாரை மீனுக்காக மீன்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. திருச்சியிலிருந்து தில்லையம்பலம் அண்ணையின் மூத்த மகள். "அன்ரி, அப்பா விடியப்புறம் நித்திரையிலேயே போயிட்டார்" என்றாள். என் முகத்தைப் பார்த்த மீன்காரன் என்ன நினைத்தானோ, நான் கேட்ட விலைக்கே மீனைச் சுற்றிக் கையில் தந்துவிட்டான். தில்லை அண்ணைக்குத் தெரிந்திருந்தால், "செத்தும் உமக்கு ஒரு மீன் வாங்கித் தந்திருக்கிறன், ரெஜி" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக் காட்டியிருப்பார். சந்தை என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

இரத்மலானையில் எங்கள் சின்ன விமானக் கம்பனியில் வேலை செய்த நீங்கள் எல்லோரும் இன்றைக்கு ஆளுக்கொரு தேசத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்களும் வாசித்தால் நல்லது. அவர் பயணிகள் பகுதிக்குப் பொறுப்பு. நான் விமானப் பணிப்பெண்களுக்குத் தலைவி. விமானக் கதவுக்கு வெளியே அவருடைய ராச்சியம், உள்ளே என்னுடையது. எல்லைத் தகராறு இல்லாமல் ஒரு நாள் கழிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது தகரப் பெட்டிபோல் அதிரும் விசிறி சுழலும் ஒரு பழைய விமானம். சண்டை கொஞ்சம் ஓய்ந்து அனுமதி கிடைக்கும் நாட்களில் யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போய் வரும். ஒரு நாள் பயணிகளை எண்ணிக்கொண்டு போகிறேன், கடைசி வரிசையில் சேலையால் போர்த்து, பெல்ட் கட்டிய ஒரு உருவம். விலக்கிப் பார்த்தால் தையல் மெசினின் தலைப்பாகம். நான் ஆவேசமாகக் கதவடிக்கு வந்து இது என்ன கூத்து என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. விதவைப் பெண்ணொருத்தியின் பிழைப்பு அது, இருக்கை சும்மாதானே கிடக்கிறது என்றார். "என்ர மச்சாள் எண்டு நினைச்சுக்கொள்ளும். வாந்தி எடுக்க மாட்டா, தண்ணி கேக்க மாட்டா. உமக்கு இதைவிட நல்ல பயணி கிடைக்குமோ?" என்னை வாயடைக்க வைப்பதில் அந்த மனுஷனுக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

இந்தப் பகிடிக்கார மனுஷன் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேறு ஆள். மனைவியும் இரண்டு மகள்மாரும் திருச்சியில் வாடகை வீட்டில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்து வீடு போனபின் அவர்களை வள்ளத்தில் அனுப்பிவிட்டு, உழைக்க வேண்டுமே என்று இவர் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அறையில் தனியே இருந்தார். ஞாயிறு காலையில், காலி வீதி என்கிற பெருந்தெருவில் உள்ள தொலைபேசிக் கடையின் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று இந்தியாவுக்குக் கேட்கும்படி கத்துவார். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். கேட்டால், லைன் சரியில்லை என்பார். வருஷத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்ப்பதே அவருக்குப் பெரும்பாடு.

அப்படியிருக்க ஒரு நாள் முதலாளி எல்லோரையும் கூட்டி, கம்பனி ஒரு சின்ன ஜெட் விமானத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது, கொழும்புக்கும் திருச்சிக்கும் இடையே ஓடப்போகிறது என்றார். இருக்கை மிஞ்சினால் வேலை செய்பவர்கள் காசில்லாமல் போய் வரலாம். எல்லோரும் கை தட்டினார்கள். தில்லை அண்ணை மட்டும் தட்டவில்லை. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு என்னிடம் வந்து, ஒவ்வொரு வெள்ளியும் போய் ஒவ்வொரு திங்களும் வரலாம் என்ன என்று, நான்தான் அனுமதி கொடுக்கிற ஆள் போலக் கேட்டார்.

ஜெட் வந்தது. மூக்குக் கூராக, வால் உயரமாக, புதுப் பெண் மாதிரி பளபளவென்று கொட்டகைக்குள் நின்றது. ஆனால் முதலாளிக்கு ஆசை விடவில்லை. செய்தவன் வைத்த இருக்கைகள் போதாதென்று பின்னால் ஒரு வரிசையைக் கூடுதலாகச் செருகினார். அங்கேதான் வினை. விமானத்தைப் பரிசோதிக்க வந்த அதிகாரி ஒரு சிங்களப் பெரியவர், மென்மையாகப் பேசுகிறவர், ஆனால் சட்டத்தில் மயிரிழை விலகாதவர். கூடுதல் இருக்கை போட்டால், நிறைந்த விமானத்திலிருந்து அத்தனை பேரும் பாதிக் கதவுகளால் ஒன்றரை நிமிஷத்துக்குள் இறங்குவதைக் கண்ணால் காட்ட வேண்டும் என்றார். இளந்தாரிகள் மட்டும் என்றால் செல்லாது, பெண்களும் வயது போனவர்களும் வேண்டும். காட்டாவிட்டால் அந்த வரிசையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கட்டுபடியாகாது, ஜெட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஆள் சேர்க்கும் வேலை தில்லை அண்ணையிடம் வந்தது. வெள்ளவத்தை ஒழுங்கைகள் முழுக்க நடந்தார். கோயில் வாசலில் நின்றார். ஜெட்டில் ஏறலாம், பறக்காது, இருந்துவிட்டு இறங்குவதுதான், மத்தியானம் சாப்பாடு உண்டு என்று சொல்லிச் சொல்லிப் பிடித்தார். பறக்காத பிளேனுக்கு ஏன் தம்பி எங்களைக் கூப்பிடுகிறீர் என்று ஒரு ஆச்சி கேட்டதற்கு, "பறக்கிறது சுகம் அம்மா. இறங்கிறதுதான் கஷ்டம். அதுக்குத்தான் அனுபவசாலிகளைத் தேடுறன்" என்றாராம். அந்த அம்மா மறுபேச்சில்லாமல் வந்துவிட்டா.

அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வந்தவர்கள் கலியாண வீட்டுக்கு வருவது போல் காஞ்சிபுரம் கட்டி, பூ வைத்து வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. அதிகாரி கையில் கடிகாரத்தோடு நின்றார். விளக்குகள் அணைந்தன. "எல்லாத்தையும் விட்டிட்டு இறங்குங்கோ" என்று நான் கத்தினேன். எல்லோரும் எழுந்தார்கள், எழுந்து முதல் வேலையாகப் பையைத் தேடினார்கள். கதவடியில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து நீங்கள் முதலில் போங்கோ என்றார். மற்றவர், மூத்தவர் நீங்கள் இருக்க நானோ என்றார். அவர்களுக்குப் பின்னால் விமானமே நின்றது. காற்றடைத்த சறுக்கில் சேலையோடு எப்படி இருந்து வழுக்குவது, கீழே ஆம்பிளையள் நிற்கினமே என்று பெண்கள் மாட்டேன் என்றார்கள். இறங்கிவிட்ட ஒரு மாமா மனைவியைக் காணவில்லை என்று சறுக்கில் மேல்நோக்கி ஏறிவந்தார். எல்லாம் முடிந்தது என்று மூச்சுவிடும்போது, நடு வரிசை அன்ரி ஒருத்தி திரும்பிப் போய்த் தன் இருக்கைக்கு மேலே அணையாமல் எரிந்த சின்ன விளக்கின் பொத்தானை அமத்திவிட்டு வந்தா. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது லைட்டை நிப்பாட்டாமல் வாறதோ என்று என்னிடமே கேட்டா. அதிகாரி கடிகாரத்தைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். கலண்டரைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஆனாலும் அவர் நல்ல மனுஷன். வெறும் ஒத்திகை என்று சொல்லியும் ஏன் எல்லோரும் பையைத் தூக்குகிறார்கள் என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டார். நான் வெட்கத்தில் குனிந்து நின்றேன். தில்லை அண்ணை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குப் பிறகு தமிழில் சொன்னார்.

"இந்தச் சனம் எல்லாம் ஒருக்காலாவது வீட்டை விட்டு ஓடினது, சேர். முதல்தரம் வெறுங்கையோட ஓடினது. அதுக்குப் பிறகு பையில்லாமல் ஓடுறேல்லை. உள்ளுக்க அடையாள அட்டை கிடக்கு, பொலிஸ் பதிவு கிடக்கு, பிள்ளையளின்ர பிறப்புச் சாட்சிப் பத்திரம் கிடக்கு. பையை விட்டால் நெருப்பிலயிருந்து தப்பலாம். பிறகு காலி வீதிச் சோதனைச் சாவடியில எதைக் காட்டித் தப்புறது?"

அதிகாரி கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு, சட்டத்தை மாற்ற என்னால் முடியாது, அடுத்த கிழமை இன்னொரு தரம் வருகிறேன், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கிழமை நானும் தில்லை அண்ணையும் பிடித்த சண்டைக்குக் கொட்டகைக் கூரை பறக்காததுதான் ஆச்சரியம். பைகளை வாசலிலேயே பறித்து வைக்க வேண்டும் என்பது என் கட்சி. பறித்தால் சனம் ஏறவே ஏறாது, ஏறினாலும் மனம் வாசலில்தான் நிற்கும் என்பது அவர் கட்சி. கடைசியில் தன் இஷ்டப்படியே செய்தார். இருக்கை உறைக்கு மிஞ்சிய நீலத் துணியை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைத் தையல்காரர் ஒருவரிடம் போய், கழுத்தில் மாட்டி சட்டைக்குள்ளே விடுகிற மாதிரி ஆளுக்கொரு சின்னப் பை தைப்பித்தார். கடதாசிகள் எல்லாம் நெஞ்சோடு கிடந்தால் கைப்பையில் மிஞ்சுவது சீப்பும் விபூதியும்தானே என்பது அவருடைய கணக்கு. ஏறுவதற்கு முன் எல்லோரையும் கொட்டகையில் நிறுத்தி வைத்து ஒரு பிரசங்கமும் செய்தார். பெண்கள் சேலைக்கு ஊசி குத்திக்கொள்ள வேண்டும். விளக்கை நிப்பாட்டக் கம்பனியில் ஆள் இருக்கிறது. "இண்டைக்கு ஒருத்தரும் ஒருத்தருக்கும் மரியாதை குடுக்கக் கூடாது. மரியாதை எல்லாம் கீழ இறங்கின பிறகு." அதிபர் முகத்தைச் சுழித்தார், ஆனால் தலையாட்டினார்.

கடைசி நேரத்தில் ஒரு அன்ரி வரவில்லை. வீட்டில் திவசமாம். ஒரு இருக்கை வெறுமையாக இருந்தால் பரீட்சை செல்லாது. தில்லை அண்ணையே ஏறி இருந்தார். நீலப் பை எல்லாம் முதல் நாளே கொடுத்து முடிந்திருந்தது. எப்போதும் தோளில் தொங்கும் தன்னுடைய பழைய றெக்சின் பையைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டார். நான் அதைக் கண்டேன். இவருக்குச் சொல்லத் தேவையில்லை என்று பேசாமல் விட்டேன்.

விளக்குகள் அணைந்தன. நான் கத்தினேன். கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், அப்படி ஒரு இறக்கத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஒரு கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு, மறுகை வீசி, சனம் ஆறுபோல் கதவால் கொட்டியது. அதிபர் தான் முதல்தரம் வழிவிட்டவரையே இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். விமானம் காலியானது. ஒரே ஒரு ஆள் மட்டும் குனிந்து இருக்கைக்கடியில் துழாவிக்கொண்டிருந்தார். றெக்சின் பையின் வார் இருக்கைக் காலில் சிக்கியிருந்தது.

"பையை விடுங்கோ, அண்ணை."

"ஒரு நிமிஷம், ரெஜி."

மொத்தமே ஒன்றரை நிமிஷம், இவருக்கு ஒரு நிமிஷமாம். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். மகள்மாருடைய பத்திரங்கள், யாழ்ப்பாணத்து வீட்டு உறுதி, கலியாணப் படம். அந்த மகள்மாரிடம் போகிற வழியைத் தானே அடைத்துக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்கு வந்த கோபத்தில், அவருடைய கொலரைப் பிடித்து இழுத்து, கதவடிக்குக் கொண்டுபோய் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். ஐயோ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அவருக்குப் பின்னால் நானும் பாய்ந்தேன். கீழே விழுந்து கிடந்தவரைச் சுற்றி வெள்ளவத்தைச் சனம் நின்று, பையை விடச் சொல்லி எங்களுக்குப் படிப்பித்த ஆள் இவர்தானே என்று விசாரித்துக்கொண்டிருந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிரித்தார். நாங்கள் மட்டுமட்டாகத் தப்பியிருந்தோம். அதற்குப் பிறகு அந்த ஜெட்டில் ஏறுகிற ஒவ்வொரு பயணிக்கும் கழுத்துக்கு ஒரு நீலப் பை கொடுக்க வேண்டும் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் பறப்பில் தில்லை அண்ணை போனார். திங்கட்கிழமை திரும்பி வந்து, எல்லோருக்கும் முறுக்குக் கொடுத்தார். பகிடி ஒன்றும் விடவில்லை. சின்னவள் தன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள் என்றார். நான் தேநீர் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன்.

அந்த ஜெட் எங்களிடம் நெடுங்காலம் நிற்கவில்லை. சண்டை மறுபடி மூண்டது, பயணிகள் குறைந்தார்கள், குத்தகைக்குத் தந்தவன் திரும்பக் கேட்டான். கடைசிப் பறப்பில் தில்லை அண்ணை ஒரேயடியாகத் திருச்சிக்குப் போனார். சாமான்களை முன்னரே கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். கதவடியில் நான் நிற்க, சட்டைப் பையில் கடவுச்சீட்டோடு படியேறி வந்தார். தோளில் ஒன்றும் இல்லை, கையில் ஒன்றும் இல்லை. அவரை அப்படி நான் கண்டதே இல்லை. பதறிப்போய், பையை எங்கே விட்டீர்கள் அண்ணை என்று கேட்டேன்.

"அதுக்குள்ள இருந்ததெல்லாம் ஆரும் கேட்டால் காட்டுறதுக்கு, ரெஜி. அங்க நிக்கிற மூண்டு பேரும் என்னட்ட ஒண்டும் கேக்க மாட்டினம்."

சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு நடுவழியால் நடந்து தன் இருக்கைக்குப் போனார். அந்த வருஷங்களில் எங்கள் சனத்தில் ஒருவர் அப்படி வெறுங்கை வீசி நடந்து நான் பார்த்ததில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நடைதான்.