சின்னமனூர் லாட்ஜில் இன்னொரு தாய்மாமன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாராவது பேய்க் கதையை ஆரம்பித்தால் "போய்ச் சோலியப் பாருங்கய்யா" என்று எழுந்து போகிற ஆள் நான். திருப்பூரில் பைக் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன், காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு வரைக்கும் பிரேக் ஷூவும் கிளட்ச் கேபிளும்தான், அதில் ஆவிக்கு எங்கே இடம்? என் பெண்டாட்டி போர்வைக்குள் ஒளிந்துகொண்டு பேய்ப் படம் பார்க்கும்போது பக்கத்தில் குறட்டை விடுகிறவன் நான். அப்பேர்ப்பட்டவன் சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

போன கார்த்திகையில் நடந்தது. என் தங்கச்சி செல்வியைச் சின்னமனூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் மகள் யாழினிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் தெரியுமல்லவா, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தவேண்டும், மற்றவர்கள் யாராக இருந்தாலும் அதற்கு அப்புறம்தான். ஆனால் எனக்கும் தங்கச்சி வீட்டுக்காரர் பாண்டி மாப்பிள்ளைக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை. என்ன பெரிய கொலைக் குற்றம் என்று கேட்கிறீர்களா? என் கல்யாணத்துக்கு எங்கள் ஊர் கெங்குவார்பட்டியில் வைத்த பிளக்ஸ் பேனரில் மாப்பிள்ளை படம் சின்னதாகப் போய்விட்டது. அதுவும் என் சித்தப்பா படத்துக்குக் கீழே, தீப்பெட்டி அளவுக்கு. அதைப் பார்த்தவர் பந்தியில்கூட உட்காராமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பிளக்ஸ் அடித்தவன் செய்த தப்புக்கு நான் என்ன செய்வேன், நானும் முறுக்கிக்கொண்டேன். கடைசியாக நான் தூக்கியபோது யாழினி தவழ்ந்துகொண்டிருந்தாள்.

செல்விதான் போன் போட்டு அழுதாள். "அண்ணே, நீ வரலேன்னா அவுக அண்ணன் மடியில புள்ளைய உக்கார வச்சுருவாக. அப்புறம் எனக்குப் பெறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கான்னு என் நாத்தனாகூடக் கேப்பா. வந்துருண்ணே." அப்பா அம்மா இல்லாத பெண், வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வேன். சொந்தக்காரர்கள் நடுவில் புகுந்து ஒரு வழிக்குக் கொண்டுவந்தார்கள். நான் சீரோடு முதல் நாளே வந்து ஊரில் ஒரு லாட்ஜில் தங்கவேண்டும், காலையில் மாப்பிள்ளை மேளத்தோடு வந்து வெற்றிலை பாக்கு கொடுத்து அழைத்துப் போகவேண்டும் என்று பேச்சு. மேளம் வராமல் அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று நானும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

சின்னமனூர் சாதாரண ஊர் இல்லை, பாண்டியர் காலத்துச் செப்பேடு கிடைத்த ஊர், ஆனால் லாட்ஜ் என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நாலைந்துதான். அதுவும் சபரிமலை சீசன், எதில் கேட்டாலும் கறுப்பு வேட்டி சாமிகள் நிறைந்திருந்தார்கள். கடைசியாக உரக்கடைக்கு மேலே ஒரு பழைய லாட்ஜில் மாடிக்கோடியில் ரெட்டைக் கட்டில் ரூம் கிடைத்தது. சுவரெல்லாம் வெற்றிலை எச்சில், பாத்ரூம் குழாயைத் திருகினால் முதலில் காற்று வரும், அப்புறம் கொஞ்சம் யோசித்துத் தண்ணீர் வரும். எனக்கு அதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. ஒரு கட்டிலில் சீர்த் தட்டுகளைப் பரப்பினேன், பட்டுப்பாவாடை, வளையல், பன்னீர் திராட்சை, செவ்வாழை, தேங்காய், தோடு வைத்த சின்ன டப்பா. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே ஒரு துள்ளல், ஏதோ எனக்கே கல்யாணம் மாதிரி!

சாயங்காலம் மழை பிடித்து கரண்டு போய்விட்டது. நான் முகம் கழுவிவிட்டு பாத்ரூமிலிருந்து வெளியே வருகிறேன், அடுத்த கட்டிலில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார்.

ஐம்பது வயசு இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. மடியில் பித்தளைத் தாம்பாளம், மேலே துணி போட்டு மூடியிருந்தது. நான் பயப்படவே இல்லை, எதற்குப் பயப்படவேண்டும்? சீசன் நேரத்தில் இந்த மாதிரி லாட்ஜுகளில் காலிக் கட்டில் இருந்தால் இன்னொருத்தரைக் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள், மேனேஜர் வேலையைக் காட்டிவிட்டான் என்று நினைத்து மனசுக்குள் அவனைத்தான் திட்டினேன்.

"என்னண்ணே, மலைக்கா?" என்று கேட்டேன்.

"இல்லய்யா. காதுகுத்துக்கு. எந்தங்கச்சி புள்ளைக்கு."

எனக்கு வந்ததே ஒரு சந்தோஷம்! "அட, நானும் அதுக்குத்தாண்ணே வந்துருக்கேன்! நானும் தாய்மாமன்தான்!" என்று கத்தியேவிட்டேன். அவரும் சிரித்தார். எந்தத் தெரு என்று கேட்டதற்கு, "இங்கனதான், கூப்புடு தூரம்" என்றார்.

"அப்பப் பொடிநடையாப் போயிறலாமேண்ணே."

"அதெப்படி? மேளத்தோட வந்து அவுக கூப்புடணும்ல. நம்மளாப் போனா மருவாதி என்னத்துக்கு ஆகும்?"

"சரியாச் சொன்னீக!" என்று கையைத் தட்டினேன். இரண்டு வருஷமாக ஊரில் ஒருத்தன்கூட என் பக்கம் பேசவில்லை, இவர் ஒருத்தர்தான் பேசினார். பிளக்ஸ் கதை முழுவதையும் அவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வாங்கி வைத்திருந்த பரோட்டாவை நீட்டினேன், "சீரை எறக்காம பச்சத்தண்ணி பல்லுல படாது" என்று சொல்லிவிட்டார். என்ன ஒரு வைராக்கியம் என்று வியந்துகொண்டே அவர் பங்கையும் நானே தின்றுவிட்டு, சீர்த் தட்டுகளைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுப் படுத்தேன். பயணக் களைப்பு, அடித்துப் போட்ட மாதிரி தூக்கம்.

விடிந்து எழுந்து பார்க்கிறேன், மனுஷன் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மடியில் தாம்பாளம். கட்டிலில் விரித்த பெட்ஷீட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சீக்கிரமே எழுந்து குளித்துவிட்டார் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

கீழே ஹாரன் அடித்தது. கெங்குவார்பட்டியிலிருந்து என் சித்தப்பா சொந்தக்காரர்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார், பின்னால் சீர்க் கிடாயும் நின்று கத்திக்கொண்டிருந்தது. நான் வேட்டி கட்டித் தயாராகி ஜன்னலில் நின்றேன். ஆறிலிருந்து ஏழரை வரைக்கும் முகூர்த்தம். ஆறு ஆனது, மேளம் இல்லை. ஆறரை ஆனது, மாப்பிள்ளையும் இல்லை. போட்டால் அவர் போன் பிஸி. செல்வி கூப்பிட்டாள்.

"அண்ணே, மேளக்காரக வண்டி உத்தமபாளையம் ரோட்டுல பஞ்சராம். எப்ப வருவாகன்னு தெரியல. எங்க அத்தை, அவுக அண்ணன் மடியிலயே உக்கார வைங்கன்னு நிக்கிறாக. நீ கெளம்பி வந்துருண்ணே, ஒன்னையக் கும்பிட்டுக் கேக்குறேன்."

சித்தப்பா மாடிக்கே ஏறி வந்துவிட்டார். வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏலே மணி, பஞ்சருன்னு சொல்றதெல்லாம் சாக்குடா. அந்தாளு வேணும்னே பண்றாரு. மேளம் வராம ஒரு அடி நகந்த, அப்புறம் நம்ம வகையறாவுக்கே மதிப்பு இல்ல பாத்துக்க" என்று குதித்துவிட்டுக் கீழே போனார். எனக்கும் அதுதான் தோன்றியது. போனில் செல்வியிடம் சொல்லிவிட்டேன், "மேளம் வரட்டும்" என்று. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.

மனசு கேட்கவில்லை. திரும்பி அவரிடம், "ஒங்களுக்கும் இன்னும் வரலையாண்ணே?" என்றேன்.

"வந்துருவாக," என்றார். அப்புறம் தாம்பாளத்தைத் தடவிக்கொண்டே சொன்னார், "வரலேன்னாலும் நாம போகக்கூடாதுல்ல. அன்னைக்கும் நேரம் ஆக ஆக வரவே இல்ல. புள்ளைய வேற ஆளு மடியில வச்சுக் குத்திட்டாக. அது அழுத சத்தம் இந்த ஜன்னல் வரைக்கும் கேட்டுச்சுய்யா. மாமா மாமான்னு அழுதுச்சு."

"என்னைக்குண்ணே?"

"இப்ப அந்தப் புள்ளையே பேரன் பேத்தி எடுத்துருக்கும்."

அந்த ஆளுக்கு ஐம்பது வயசு! கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போட்டேன், அந்த இடத்திலேயே நின்று போட்டேன், அந்தக் காதுகுத்து நடந்தபோது இவரே கைக்குழந்தையாகத்தான் இருந்திருக்கவேண்டும். அவர் மெதுவாகத் துணியை விலக்கினார். உள்ளே ஒரு சின்னப் பாவாடை சட்டை, மடிப்பு மடிப்பாகப் பழுத்து, தொட்டால் உதிர்ந்துவிடும் போல இருந்தது. அதன் மேலே கொழுந்து வெற்றிலை. அது மட்டும் அப்போதுதான் கொடிக்காலில் கிள்ளிக்கொண்டு வந்தது மாதிரி பச்சைப்பசேல் என்று ஈரமாக இருந்தது.

"நீயும் இருய்யா," என்றார். "ரெண்டு பேருமா இருந்தாப் பேச்சுத்தொணை."

ஆத்தாடி! எப்படித் தட்டுகளை அள்ளினேன், எப்படிப் படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தேங்காய் படியில் உருண்டது, எடுக்கவில்லை. "வண்டிய எடுங்க, வண்டிய எடுங்க" என்று கத்தினேன். "மேளம் வரலையேடா" என்று சித்தப்பா மறித்தார். "மேளமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், எம்புள்ள அங்கன அழுதுக்கிட்டு இருக்கும்" என்று நான் போட்ட சத்தத்தில் அவரே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மேளமும் இல்லாமல் வெடியும் இல்லாமல், கிடாய் மட்டும் கத்த நாங்கள் போய் இறங்கினோம். பந்தலில் இருந்த அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். பாண்டி மாப்பிள்ளை கையில் பைக் சாவியோடு வாசலில் நின்றிருந்தார், சட்டையெல்லாம் வேர்வை. "மச்சான், ஒங்களக் கூப்புடத்தான் கெளம்புறேன். மேளத்த நேரா லாட்ஜுக்கே போகச் சொல்லிட்டேன். சத்தியமா பஞ்சருதான் மச்சான்" என்றார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டேன். இரண்டு வருஷக் கோபம், அவர் வேர்வை நாற்றத்தில் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. செல்வி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் யாழினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மொட்டைத் தலையும் சந்தனமுமாக அவளை என் மடியில் வைத்தார்கள், ஆசாரி கம்பியை எடுத்தார். "மாமா!" என்று அவள் வீறிட்டாள் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போய்விட்டது.

இதோடு முடிந்திருந்தால் ஏதோ சொப்பனம் என்று நானே தள்ளிவிட்டிருப்பேன்.

காது குத்தி முடிந்து பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் மேளச் சத்தம். நாதஸ்வரமும் தவிலும் பிய்த்து உதறிக்கொண்டு வருகிறார்கள். மாப்பிள்ளை ஓடிப்போய், "நான் போன் அடிக்க அடிக்க எடுக்கலையேய்யா, தாய்மாமன் அப்பவே வந்துட்டாக" என்றார்.

தவில்காரர் சிரித்தார். "அடிக்கிற அடியில போன் எங்கிட்டுக் கேக்கும்? அவுக எப்பிடி வந்துருப்பாக? நாங்கதான கூட்டிட்டு வர்றோம். மாடியில கதவு தொறந்து கெடந்துச்சு, தாம்பாளத்தோட உக்காந்துருந்தாக. நீங்க சொன்ன மாதிரி வெத்தல பாக்க நீட்டுனேன். வாங்கி கண்ணுல ஒத்திக்கிட்டு அப்பிடி அழுதாக. இந்தா, பின்னாலதான் வர்றாக."

எல்லாரும் எட்டிப் பார்த்தோம். அவர்களுக்குப் பின்னால் ஒரு நாய்கூட இல்லை. "தெருமுக்குத் திரும்புற வரைக்கும் வந்தாகளே" என்று தவில்காரர் முகம் வெளுத்தது.

அப்போதுதான் செல்வியின் மாமியார் சீர் வரிசையைப் பார்த்துவிட்டு முணுமுணுத்தார், "தட்ட ரெட்டப்படையிலயா வைப்பாக? இதுகூடத் தெரியாதா?" என்று. நான் ஒற்றைப்படையில்தான் கொண்டுவந்தேன், கடையிலேயே எண்ணி வாங்கியது. போய்ப் பார்த்தால் கடைசியில் ஒரு பித்தளைத் தாம்பாளம். பழுத்த பாவாடை சட்டை, மேலே வெற்றிலை.

லாட்ஜ் மேனேஜரிடம் அன்றைக்கே போய்ச் சண்டை போட்டேன். "அந்த ரூமுல ஒங்களத் தவர யாரையும் போடலையேண்ணே" என்றான். அவன் வேலைக்குச் சேர்ந்தே கொஞ்ச நாள்தானாம், அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெருவிலும் விசாரித்தோம், ஒருத்தருக்கும் நினைவில்லை. அந்தத் தட்டைத் தூக்கிப்போட யாருக்கும் தைரியம் வரவில்லை, செல்வி பீரோவில் வைத்திருக்கிறாள். கொடிக்கால் நிறைந்த ஊர் அது, கிள்ளிய வெற்றிலை எத்தனை நாள் தாங்கும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கார்த்திகை போய் ஆடியும் வந்துவிட்டது, அந்த வெற்றிலை இன்னும் வாடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் திறந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் போடுகிறாள்.

செல்வி இப்போது இரண்டாவது உண்டாகியிருக்கிறாள். போன வாரம் மாப்பிள்ளை கூப்பிட்டு, அது இது என்று பேசிவிட்டு மெதுவாகக் கேட்டார். "மச்சான், நம்ம மேளம் போயி, வெத்தல பாக்கு வச்சு அழச்சாச்சு. அவுகளும் வாங்கிட்டாக. அடுத்த புள்ள காதுகுத்துக்கு பிளக்ஸ் அடிக்கும்போது தாய்மாமன்னு போட்டு ஒங்க படத்துக்குப் பக்கத்துல ஒரு எடம் காலியா விட்டுறவா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் பாதியில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

"விடுங்க மாப்ள," என்றேன். "ஆனா எடத்த மட்டும் சின்னதா விட்டுறாதீக."