ராணியம்மாவின் வெறும் தொட்டில்

இது கட்டுக்கதை இல்லை. அந்த அறையில் நான் இருந்தேன். நனைந்தது என் மடியில் கிடந்த தொட்டில் வார். பிற்பாடு சிலுவையைத் தொட்டுப் பாதிரியாரிடமும் இதையேதான் சொன்னேன். "தூக்கம் கெட்டவள் கண்ணுக்கு என்னென்னவோ தெரியும், அவிஸ்" என்றார். தூக்கம் கெட்டிருந்தது வாஸ்தவம்தான். அதற்காகத் தோல் வாரில் தண்ணீர் சொட்டுமா?

நடந்தது பட்டப்பகலில். ஆனால் ராணியின் பிரசவ அறையில் பகல் ஏது? வலி எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஜன்னல்களையெல்லாம் கனத்த துணியால் மூடிவிடுவார்கள். சாவித் துவாரத்தில்கூடப் பஞ்சு அடைப்பார்கள். வெளிக்காற்று படக்கூடாது, ஆண்பிள்ளை எவனும் எட்டிப் பார்க்கக்கூடாது. பிள்ளை பெற்றவள் கோயிலுக்குப் போய் ஆசீர்வாதம் வாங்கும்வரை அந்த அறைதான் அவளுக்கு உலகம். மெழுகுவத்தியும் கணப்புமாக எங்களுக்கு எந்நேரமும் ராத்திரிதான். கோயில் மணி கேட்டால்தான் பொழுது தெரியும்.

என் வேலை தொட்டில் ஆட்டுவது. கனமான ஓக் மரத்தொட்டில், அடியில் வளைந்த கட்டைகள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கன்னில்டா. ஆளுக்கொரு தோல் வார். மாறி மாறி இழுக்க வேண்டும். மாற்றாள் இரண்டு பேரும் காய்ச்சலில் விழுந்துவிட்டதால் இரவும் பகலும் நாங்களே இழுத்துக்கொண்டிருந்தோம்.

"நான் செத்தா இந்தக் கையை மட்டும் தனியாப் புதைங்கடி" என்றாள் கன்னில்டா. "அது பாட்டுக்கு ஆட்டிக்கிட்டே கிடக்கும்."

மஃபால்தா ராணி எங்களைவிடக் களைத்திருந்தாள். தெற்கே கடல் தாண்டிய நாட்டிலிருந்து சிறு வயதிலேயே மருமகளாக வந்தவள். ஏழு பெற்றாள். ஐந்து மடாலயத் தரைக்குள் போய்விட்டன. மிச்சம் இந்தக் கைக்குழந்தையும், ஆறு வயது லியோனோரும்தான். லியோனோரையும் தூரதேசத்து இளவரசன் ஒருவனுக்குப் பேசி முடித்து, துறைமுகத்தில் கப்பலையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். வழியனுப்பத் தாய் வாசலைத் தாண்டக்கூடாது. மகள்தான் உள்ளே வந்தாள்.

"அம்மா, தூக்கமா வருது. தம்பி தொட்டில்ல கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"

தாதிகளுக்கெல்லாம் தலைவியான பெட்ரோனில்லா அம்மா சிரித்தார். "நல்ல கூத்து! கல்யாணப் பொண்ணு தொட்டில்ல படுக்கிறதாவது! கப்பலே உன்னை ஆட்டும். அதுல தூங்கிக்கோ, வா."

கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார். ராணி அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

அதற்குச் சில நாள் கழித்து, புனித மார்கரெட் திருநாள்.

பால் கொடுக்கும் எமோட் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணப்பு ஓரம் போய் உட்கார்ந்தாள். நான் வாரை மடியில் போட்டுக் கண்ணை மூடினேன். நண்பகல் மணி அடித்தது.

க்ரீச்… க்ரீச்…

கண்ணைத் திறந்தேன். கன்னில்டா அரைத் தூக்கத்தில் வெறும் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வெறும் தொட்டிலை ஆட்டினால் அடுத்து அதில் படுக்கும் பிள்ளை தங்காது. எங்கள் ஊரில் பால் மணம் மாறாத குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. ராணிக்கு ஏற்கெனவே ஐந்து போயாயிற்று.

"அடிப்பாவி, நிறுத்துடி! பிள்ளை உள்ள இல்லை!"

அவள் பதறி வாரை விட்டாள்.

தொட்டில் நிற்கவில்லை.

க்ரீச்… க்ரீச்…

சத்தம் வேறு மாதிரி இருந்தது. பச்சைப் பிள்ளை கிடந்தால் கட்டை அப்படி அழுந்தாது. பெரிய கனம். உள்ளே பார்த்தேன். தலையணையும் கம்பளியும் மட்டும்.

தலையணையின் நடுவில் ஒரு குழி.

என் மடியிலிருந்த வார் கனத்தது. தொட்டேன். ஈரம். முகர்ந்தேன். உப்பு… கடல் வாடை. கடல் எங்கள் கோட்டையிலிருந்து இரண்டு நாள் பயணம்.

"பிள்ளை தூங்கிட்டான்" என்றபடி எமோட் வந்தாள். "தள்ளுங்கடி, படுக்க வைக்கணும்."

"வேண்டாம்!"

"என்ன வேண்டாம்?" பெட்ரோனில்லா அம்மா எழுந்து வந்தார். "கொழுப்பா உனக்கு? படுக்க வை, எமோட்."

நான் குழந்தையைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டேன். கன்னத்தில் அறை விழுந்தது. நான் விடவில்லை.

"தொட்டிலைப் பாருங்கம்மா… யாரும் ஆட்டலை."

அவர் பார்த்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

க்ரீச்…

அப்போது கட்டில் திரைக்குள்ளிருந்து ராணியின் குரல்.

"நிறுத்திடாதீங்க… ரொம்ப தூரம் வந்திருக்கா."

திரை விலகியது. ராணி வெறுங்காலோடு தரையில் இறங்கினாள்.

"ராணியம்மா, வேண்டாம்! கால் தரையில படக்கூடாது!"

காதில் வாங்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, நனைந்த வாரை எடுத்தாள். மெல்ல இழுத்தாள். அவள் நாட்டுத் தாலாட்டு ஒன்றை முனகினாள். எங்களுக்கு அது புரியாது.

எவ்வளவு நேரமோ.

யாரும் அசையவில்லை. குழந்தை என் மடியில் தூங்கினான். கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

டப்… டப்…

பிற்பகல் மணி அடித்தது.

"தூங்கிட்டா" என்றாள் ராணி.

வாரை விட்டாள்.

தொட்டில் நின்றது.

அன்றே அந்தத் தொட்டிலை எரித்தோம். ஈர மரம், எரியவே மாட்டேன் என்றது. குழந்தை பிழைத்தான், நன்றாகவே வளர்ந்தான்.

இலையுதிர் காலத்தில் ஒரு மாலுமி வந்தான். லியோனோர் போன கப்பலில் மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். சமையலறையில் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி எங்களிடம் சொன்னான்.

"மார்கரெட் திருநாள் அன்னிக்கு. கப்பல்ல இருந்த சாமியார் நண்பகல் ஜெபத்துக்கு மணி அடிச்சார், அலை எழும்பிடுச்சு. நாங்க எல்லாரும் அலறுறோம். அந்தச் சின்னப் பொண்ணு மட்டும் அலறலை. 'அம்மா ஆட்டுறாங்க'ன்னு சொல்லிட்டு, முழங்காலை மடக்கிப் படுத்துத் தூங்கிடுச்சு."

"கப்பல் எப்ப முழுகிச்சு?" என்று கேட்டேன்.

"அதைத்தான் இன்னும் என்னால நம்ப முடியலை. அவ்வளவு நேரம் ஆடின கப்பல், உடையலை. பிற்பகல் ஜெபத்துக்கு சாமியார் மணியை எடுத்து அடிச்சார். உடனே ஆட்டம் நின்னுடுச்சு. பிழைச்சோம்னு கட்டிப்பிடிச்சுக்கிட்டோம்…"

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"யாரோ கையை விட்ட மாதிரி, அப்படியே நேரா கீழ போயிடுச்சு."

கன்னில்டா என்னைப் பார்த்தாள்.

ராணியிடம் இதை இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை.