ஸ்கேனுக்கு முன் இரண்டு ஒப்புட்டு

சாராயத்தின் வாசனைகூட அறியாத எனக்குக் கல்லீரல் சுருங்கிப் போயிருக்கிறது. சர்க்கரையும் கொழுப்பும் செய்த வேலையாம். இப்படிச் சுருங்கிய ஈரலில் புற்றுநோய் சத்தமில்லாமல் வந்து உட்காரும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்கிறேன். போன முறை ஸ்கேனில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு புள்ளி தெரிந்தது. வளர்கிறதா என்று மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். அந்த மூன்று மாதம் முடிந்தபோது மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்ததால் உடுமலையிலிருந்து காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் காரில் கிளம்பினோம். கிணத்துக்கடவு வந்ததும் என் கணவர் வண்டியை ஊருக்குள் திருப்பினார்.

"போற வழிதானே அம்மணி. அக்கா ஊட்டுல பத்திரிகை வெச்சுட்டுப் போயிரலாம்."

ஸ்கேனுக்குப் போகிற வழியில் கல்யாணப் பத்திரிகை வைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும்.

எங்கள் பக்கம் பத்திரிகை வைக்க வந்தவர்கள் ஒன்றும் சாப்பிடாமல் எழுந்தால் அது பெரிய குறை. அவருடைய அக்கா தட்டில் நெய் மிதக்க ஒப்புட்டு கொண்டுவந்து வைத்துவிட்டார். பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டிய ஒப்புட்டு, சுடச்சுட. ஸ்கேன் என்று சொல்லியிருக்கலாம்தான். சொன்னால், பெண்ணின் அம்மாவுக்குக் குடிகாரர் வியாதியாம் என்று சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

"இப்பத்தானுங்க தின்னுபோட்டு வந்தோம்" என்று புளுகினேன்.

"அது உங்கூட்டுச் சாப்பாடு கண்ணு. எங்கூட்டுல கை நனைக்காம போனா, நான் எப்படிக் கல்யாணத்துக்கு வாரது?"

உதவி கேட்டுக் கணவரைப் பார்த்தேன். அவர் மூன்றாவதைத் தின்றுகொண்டிருந்தார். நானும் இரண்டு தின்றேன். பொய் சொல்வானேன், அமிர்தமாக இருந்தது.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசு. கருவியை வயிற்றில் உருட்டியபடி, "காலைல என்ன சாப்பிட்டீங்கம்மா?" என்றார்.

"பச்சத்தண்ணிகூட இல்லீங்க."

"உங்க பித்தப்பை அப்படிச் சொல்லலையே. சாப்பிட்டாத்தான் இப்படிச் சுருங்கும். வயித்துல காத்து வேற, ஈரலே சரியாத் தெரியலை."

"ரெண்டே ரெண்டு ஒப்புட்டுங்க."

"நெய்யோடயா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கிக் கருவி வழுக்க, அவரும் சிரித்துவிட்டார். சாயங்காலம் வரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்து திரும்ப வரச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தும் சிரிப்பு நிற்கவில்லை. பயம்தான் அப்படி வேஷம் போடுகிறது என்று எனக்குத் தெரியும். கல்யாண மேடையில் நிற்பேனா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பேனா?

"ஏனுங்க, இன்னிக்குப் போயா பத்திரிகை வெப்பாங்க?" என்று கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பத்திரிகைப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "நேரா இங்க ஓட்டிட்டு வரக் கை வரலை அம்மணி. கொஞ்ச நேரமாச்சும் தள்ளிப் போடலாம்னு பார்த்தேன்."

அதற்குமேல் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மத்தியானம் அவரும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். மூச்சை இழு, பிடி, விடு என்று என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டு, "அதே அளவுதாம்மா. வளரலை" என்றார். ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்திருந்தது. இன்னும் மூன்று மாதத்தில் மறுபடி வரவேண்டும். வயிற்றில் தடவிய பசையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் கட்டிலை விட்டுக் குதித்தேன். கூட வந்திருந்த என் கணவரானால் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து, இரண்டு கையாலும் டாக்டரம்மாவிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

நேராக ஓட்டலுக்குப் போனோம். தோசை வந்தது. ஒரு துண்டு பிட்டுச் சட்னியில் தோய்த்த கணவர், அதை வாயில் வைக்காமலேயே தேம்பித் தேம்பி அழுதார். முப்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

சர்வர் பதறிப்போய் வந்தார். "சட்னி காரமுங்களா?"

"இல்லீங்க. பொண்ணு கல்யாணத்துக்கு நான் இருக்கறனுங்க" என்றேன்.

சர்வருக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு, இன்னொரு கரண்டி சட்னி ஊற்றிவிட்டுப் போனார்.