சாமிக் கிடாவுக்கு ஒரு பிடி கூடுதல்

கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட செம்மறிக் கிடாதான் எங்கள் மந்தையில் முதலில் விழுந்தது. போன ஆனி மாதம். விடியும்போது கண் மஞ்சளித்துக் கிடந்தது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. வெயில் ஏறுவதற்குள் உயிர் போய்விட்டது. புதைக்கக் குழி வெட்டும்போதே இரண்டு சினை ஆடுகளுக்கும் கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்தேன். அந்த ஆடுகளை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. வானம் பார்த்த பூமியை நம்பி எத்தனை நாள் உலை வைப்பது?

சாமிக் குத்தம் என்று ஊரே சொன்னது. எனக்கு வந்தது கோபம்தான். பரளச்சி ரோட்டோரக் கோவிலுக்கு ஓடி, கருப்பசாமி அய்யாவோடு சண்டையே போட்டேன்.

"ஒனக்கு விட்டத நீ எடுத்துக்கிட்ட. மிச்சத்தையும் எடுத்தா நாங்க எங்கய்யா போவோம்? என்ன செய்யணும்னு சொல்லு."

வெளியே வந்தால், கால்நடை டாக்டரம்மா பஞ்சரான ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வருகிறார். கையோடு கூட்டி வந்தேன்.

கிடாவைப் புதைக்கும் முன் அறுத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்றார். என் வீட்டுக்காரர் குறுக்கே நின்றுவிட்டார். சாமிக் கிடாவின் மேல் கோவில் வாசலைத் தவிர வேறெங்கும் கத்தி படக்கூடாது என்று அவருக்குப் பயம். பங்காளிகளும் முறைத்தார்கள். சினை ஆடுகள் தலை தொங்கி நின்றன.

"அய்யாவுக்கு வெட்டத்தான வளத்தோம்? அவரு இங்கயுந்தான் இருக்காரு. நீங்க அறுங்கம்மா" என்றேன்.

ஈரல் மஞ்சளாகவும் சிறுநீரகம் கறுத்தும் இருந்தன. என்ன தீனி போட்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். மாட்டுக்கு வாங்கிய தாது உப்பை மாதக்கணக்கில் தவிட்டில் கலந்து ஆடுகளுக்கும் போட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். சாமிக் கிடா என்பதால் அதற்கு மட்டும் தினம் ஒரு பிடி கூடுதல்.

"அதுல காப்பர் இருக்குண்ணே, செம்புச் சத்து. உடம்புக்குத் துளி வேணும். ஆனா மாடு தாங்குறத செம்மறி தாங்காது. ஈரல்ல சேந்துக்கிட்டே போயி ஒரு நாளு கொன்னுரும்."

அந்த உப்பை அன்றே நிறுத்தினோம். செம்பை வெளியேற்றும் மாலிப்டினம் கலந்த மருந்தை டாக்டரம்மா சொன்னபடி எல்லா ஆடுகளுக்கும் புகட்டினோம். சினை ஆடுகளில் ஒன்று போய்விட்டது. அதற்கு அழுதேன். மற்றவை பிழைத்தன. தப்பிய சினை ஆடு ஆவணியில் குட்டி போட்டது.

முன்பெல்லாம் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் கோவில் பக்கம் போவேன். இப்போது வெள்ளி தவறுவதில்லை. இந்த வருடம் விட்டிருக்கும் கிடாவுக்கும் மற்ற ஆடுகள் தின்னும் தீனிதான்.

அய்யாவைக் கும்பிடும் நீங்களும் கஷ்டத்தில் வெறுமனே அழுதுவிட்டு வராதீர்கள். என்ன செய்யவேண்டும் என்று கேளுங்கள். அவர் வழி காட்டுவார். காட்டியபின் ஊருக்குப் பயந்து நிற்காதீர்கள். தன் கிடாவின் மேல் கத்தி வைத்ததற்கு அவர் என்னைக் கோபிக்கவில்லை.