சங்கதி உள்ள பெண்

நேற்றுப் பேத்தியின் கைபேசியில் ஒரு பாட்டு வாத்தியார், "அந்தச் சங்கதியைத் திரும்பப் பாடும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ வாட்டிய தேயிலைக் கொழுந்தின் மணம் வந்துவிட்டது. இந்த வயதில் காதுக்கும் மூக்குக்கும் ஏதோ குறுக்குவழி போலும்.

என் இளவயதில் இலங்கை மலையகத்தில், ராகலைப் பக்கம் தேயிலைப் பெக்டரியில் எனக்கு வேலை. சட்டையெல்லாம் அந்த மணம்தான். பக்கத்துத் தோட்டத்துச் சிவகாமியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். மார்கழி பஜனையில் அவள் பாடுகிறாள் என்று அம்மாவும் நானும் போனோம். கோயிலுக்குள் பாதி பனிமூட்டம். சிவகாமி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். ஒவ்வொரு முறையும் அது வேறொரு பக்கம் வளைந்து போய் வந்தது. ஒன்றும் புரியாவிட்டாலும், மாப்பிள்ளை என்ற மிதப்பில் பலமாகத் தலையாட்டினேன்.

ஆர்மோனியம் வாசித்தவர் கந்தப்பளைத் தையற்காரர். பாட்டு முடிந்ததும் பக்கத்திலிருந்தவரிடம், "இந்தப் புள்ளகிட்ட ஏகப்பட்ட சங்கதி இருக்குங்க" என்றார். அது அம்மாவின் காதில் விழுந்தது.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்கு அம்மா விடுவிடுவென்று நடந்தாள். வாசலில்தான் சொன்னாள். "அந்தப் புள்ளைக்கு வேற ஏதோ சங்கதி இருக்காம்டா. இந்தக் கல்யாணம் வேணாம்."

விடிந்ததும் ஆள்விட்டுச் சொல்லியும்விட்டாள். நான் மழையில் நனைந்தபடி கந்தப்பளைக்கு நடந்தேன். தையற்காரர் திகைத்துப்போனார்.

"அய்யய்யோ! ஒரு வரிய மாத்தி மாத்தி அழகு பண்ணிப் பாடுறதுக்குப் பேருங்க அது. வடமொழிச் சொல்லு. சேந்து போறதுன்னு அர்த்தமாம்."

விஷயத்தைக் கேட்ட அம்மா அப்படியே கிளம்பிவிட்டாள். பெண் வீட்டு வாசலில் சிவகாமி எங்களை உள்ளே கூப்பிடவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேங்க" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குச் சங்கதின்னா ஊர்ப்பேச்சுதான் தெரியும் ஆத்தா. என்னன்னு கேட்டுவர இவன்தான் கந்தப்பளைக்கு நடந்தே போனான்."

சிவகாமி முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"இந்த மழையிலயா?"

தையில் கல்யாணம் நடந்தது.

அதன்பிறகும் அவள் பஜனையில் பாடினாள். ஆனால் அந்த வருடங்களில் இரு அரசுகளின் ஒப்பந்தப்படி ஒவ்வொரு குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. தையற்காரர் போனார். சிவகாமியின் தங்கைகளும் போனார்கள். ஒரு மார்கழியில் அவள் ஒரு வரியைப் பாடிவிட்டு, வாங்கிப் பாடுகிறவர்களுக்காக நிறுத்தினாள். கோயில் தகரக் கூரையிலிருந்து பனி சொட்டுவது மட்டும் கேட்டது. பிறகு, அவர்கள் திருப்பிப் பாட வேண்டிய வரியையும் அவளே பாடினாள்.