மெஷின் விழுங்கிய சொல்

என் மனைவியின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, கார் பார்க் சீட்டுக்கு எந்த மாடியில் பணம் கட்டுவது என்று நான் கேட்டேன். நிஜமாகவே அதுதான் என் வாயில் வந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படித்தான் இருந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏங்க, மொதல்ல டாக்டர் சொல்றத கேளுங்க" என்றாள்.

ராவாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆபரேஷனுக்கு முன்பே அம்மாவின் குரலில் அன்றாட வாக்கியங்களைப் பதிவு செய்துவிடுவது. டேப்லெட்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பொத்தான். தட்டினால் அம்மாவே பேசுவாள். வாக்கியங்களையும் மகளே எழுதி அனுப்பினாள். தண்ணி வேணும், மூச்சு முட்டுது, மருந்து குடிச்சிட்டேன். வெளியில் தனியாக மாட்டிக்கொண்டால் காட்ட ஒன்று: "என் வீட்டுக்காரர் பேரு" என்று தொடங்கி, என் பெயரைச் சொல்லி, "புக்கிட் ரோத்தான்ல இருக்கோம்" என்று முடிவது.

நான் தொழிற்சாலையில் மின்சாரப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். அழத் தெரியாதவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. பின்னறையில் கம்ப்யூட்டரை வைத்து, மைக்கை மாட்டி, ஜன்னலைக் கம்பளியால் மூடினேன். காத்தாடியை நிறுத்தப் போனால், "ஏன், வேத்துச் சாவணுமா?" என்றாள். சரி என்று மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டேன். நான் பெருமூச்சு விடுவது மைக்கில் விழுகிறது என்று என்னையும் அறையைவிட்டு விரட்டினாள். நான் ஹாலில் உட்கார்ந்திருப்பேன். வாக்கியம் முடிந்ததும் உள்ளேயிருந்து, "ஏங்க, ஆச்சு" என்பாள். போய் நிறுத்துவேன். பிறகு பதிவின் முன்னும் பின்னும் உள்ள வேண்டாத முனைகளை வெட்டி எறிந்து, வாக்கியத்தை மட்டும் சுத்தமாக எடுத்து வைப்பேன்.

முதல் நாள் பதிவெல்லாம் பொத்தல். "தண்ணி வேணும்" என்றால் "தண்..ணும்" என்று வந்தது. நடுநடுவே ஒலி அறுந்து போயிருந்தது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம். வந்த நோய் போதாதென்று இந்த மெஷினும் சேர்ந்துகொண்டது. கோபம் வந்தது. நோயின் மேல் வராத கோபம் கம்ப்யூட்டரின் மேல் நன்றாகவே வந்தது.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். பல வயர்கள் சேரும் பெட்டியில் சொருகியிருந்த மைக்கைப் பிடுங்கி, நேராகக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் சொருகினேன். கொஞ்சம் குறைந்தது. வைஃபையை அணைத்தேன். இன்னும் குறைந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் இடையிடையே தூங்கிவிழும் ஏற்பாட்டை நீக்கினேன். கடைசியில் பஃபர். உள்ளே வரும் ஒலியைக் கம்ப்யூட்டர் எழுதி முடிக்கும்வரை பிடித்து வைத்திருக்கும் இடம் அது. ஆலைக்குப் போகும் லோரி வரத் தாமதமானால், வெட்டிய செம்பனைக் குலைகளைப் போட்டு வைக்கச் சாலையோரத்தில் இடம் வேண்டுமில்லையா, அந்த மாதிரி. அதைப் பெரிதாக்கியதும் பொத்தல்கள் நின்றன.

ஒரே ஒரு வாக்கியம் மட்டும் வழிக்கு வரவில்லை. "என் வீட்டுக்காரர் பேரு" முடிந்ததும் ஓர் இடைவெளி. அப்புறம் "புக்கிட் ரோத்தான்ல இருக்கோம்." திரும்பப் பேசச் சொன்னேன். அதே இடைவெளி. வயரை மாற்றினேன். அதே இடைவெளி. அவளுக்கோ குரல் நாளுக்கு நாள் கரகரத்துக்கொண்டே வந்தது.

"மெஷின்தான் முழுங்குது" என்றேன்.

"இருக்கும் இருக்கும்" என்றாள்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று, மைக்கையும் மாற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. மெஷின் கோளாறு ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வராது. திரையில் ஒலி அலைகோடாக ஓடும், அதில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் நாள் பொத்தல்களில் கோடு இழுத்தது போல மொட்டையாக இருக்கும், எந்தச் சத்தமும் இருக்காது. இதில் சின்னச் சின்ன முட்கள் இருந்தன. சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். காத்தாடி ஓடுகிறது. அவள் மூச்சை உள்ளே இழுக்கிறாள். மெதுவாக விடுகிறாள்.

சமையலறையில் ஜெராமிலிருந்து வாங்கிவந்த நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"பேர நீ சொல்லவே இல்லையா?"

"கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"மெஷின் முழுங்குதுன்னு சொன்ன?"

"நீங்கதான் சொன்னீங்க. நான் இருக்கும்னேன்."

எனக்குத் தெரியாததா? கிளினிக்கில் கணவர் பெயர் கேட்டால் என் ஐசி அடையாள அட்டையை எடுத்து நீட்டுவாள். கோயிலில் அர்ச்சனைக்கு என் நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு மகளைப் பார்ப்பாள். இத்தனை வருடம் கூடவே இருந்துவிட்டு, போய் வயரை மாற்றியிருக்கிறேன்.

"ஒரே ஒரு தடவ சொல்லேன். அதுக்கப்புறம் சொல்ல முடியாது லா."

"சொன்னா ஒங்க ஆயுசு கொறையுமாம். நம்புறனோ இல்லியோ, இவ்ளோ நாளு காப்பாத்திட்டேன். இப்ப போயி வுடச் சொல்றீங்க."

போனில் மகளிடம் சொன்னேன். "நான் பேர சொல்லி அனுப்புறேன்பா, நடுவுல ஒட்டிடுங்க" என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அந்த வாக்கியம் இடைவெளியோடு அப்படியே டேப்லெட்டில் ஏறியது.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் துளையோடு வீட்டுக்கு வந்தாள். நான் கஞ்சி வைத்தேன், துணி துவைத்தேன், துளையைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டேன். மனம் அப்போதும் மரத்துத்தான் கிடந்தது. ஒருநாள் காலை அவள் நாற்காலியில் உட்கார்ந்து டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளித் தள்ளி எதையோ தேடினாள். என்னைக் காட்டினாள், வாயைக் காட்டினாள். என்னைக் கூப்பிட ஒரு பொத்தான் தேடுகிறாள் என்று புரிய நேரமாயிற்று.

"ஏங்க" இல்லை. மகள் எழுதிய வாக்கியங்களில் அது இல்லை. அதை யாராவது எழுதி வைப்பார்களா?

பின்னறைக்கு ஓடினேன். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் "ஏங்க, ஆச்சு" என்று கூப்பிட்டாளே. எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். எல்லாமே சுத்தமாக இருந்தன. வெட்டியதும் நான்தான், கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியைக் காலி செய்ததும் நான்தான். அந்தப் பல் ஊசியின் மரப்பு அப்போதுதான் விட்டது. கம்பளி தொங்கும் அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன்.

ஹாலிலிருந்து அவள் குரல் கேட்டது. "என் வீட்டுக்காரர் பேரு" என்றது. பிறகு காத்தாடிச் சத்தம், அவள் மூச்சு. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், தண்ணீர்ச் செம்பைக் காட்டினாள்.

இப்போதெல்லாம் அவள் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். "புக்கிட் ரோத்தான்ல இருக்கோம்" என்று அது சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் போய் நிற்கிறேன்.