இடது பக்கத்துச் சீட்

அம்மாவின் கை பட்டுத்தான் கார் சீட் கெட்டுப்போனது என்று கிட்டத்தட்ட ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாயால் சொன்னது இரண்டோ மூன்றோ தடவைதான். மற்ற நாட்களில் முகத்தால் சொன்னேன்.

கார் பழையது. நெய்யாற்றின்கரையில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு வந்துபோகும் ஒரு டாக்டர் புது வண்டி எடுத்தபோது பழையதை எனக்கு விலைக்குக் கொடுத்தார். எஞ்சினைப் பற்றியோ டயரைப் பற்றியோ நான் அதிகம் கேட்கவில்லை. கதவைத் திறந்ததும் தோல் சீட்டின் மணம் வந்தது, அதிலேயே விழுந்துவிட்டேன். கருப்பட்டியை உடைத்தால் உள்ளே தெரியுமே, அந்தப் பழுப்பு நிறம். எங்கள் குடும்பத்தில் கார் வாங்கிய முதல் ஆள் நான். பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான். இரண்டும் ஒரே காரியம் என்று அப்போது எனக்கு ஒரு எண்ணம்.

அம்மா அண்டியாபீஸுக்குப் போகிறாள். எங்கள் பக்கம் முந்திரி ஆலையை அப்படித்தான் சொல்வார்கள். வறுத்த கொட்டையைத் தல்லி, ஓட்டை உடைத்து, பருப்பு முறியாமல் எடுக்கிற வேலை. ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் கசியும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு செய்தாலும் விரலில் ஏறிவிடும். விரல் கறுக்கும், பிறகு உரியும். அந்தக் கறை சோப்புக்கும் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது. அந்தக் கை சம்பாதித்ததில்தான் நான் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்தேன். எழுதும்போது இதை எளிதாக எழுதிவிட முடிகிறது. சீட்டில் கறையைப் பார்த்தபோது நினைவுக்கு வரவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து அமரவிளை வழியாகத் திரும்பும்போது ஆலை வாசலில் நிறுத்தி அம்மாவை ஏற்றிக்கொள்வேன். அவளுக்கு முட்டுவலி. இறங்கும்போது இடது கையால் சீட்டின் ஓரத்தை அழுத்திப் பிடித்து, ஒரு தம் பிடித்துத்தான் எழும்புவாள். கார் எங்கள் வீடு வரை போகாது. நடைவழி தொடங்கும் இடத்தில் அம்மாவை இறக்கிவிட்டு, கொஞ்சம் தள்ளி சர்ச் மதில் ஓரமாக நிறுத்துவேன். நிறுத்தியதும் டேஷ்போர்டைத் திறந்து பஞ்சும் ஸ்பிரிட் குப்பியும் எடுத்து, அம்மா இருந்த இடத்தைத் துடைப்பேன். லேபில் நாள் முழுக்கச் செய்வது அதுதான். ஊசி குத்தும் முன் கையைத் துடைக்க வேண்டும், வேலை முடிந்தால் மேஜையைத் துடைக்க வேண்டும். எதையும் சுத்தமாக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சீட்டின் ஓரம், நடுவில், முதுகு சாயும் இடம் எல்லாம் துடைப்பேன். அதற்கு முன் அம்மா நடைவழியில் மறைகிறாளா என்று பார்த்துக்கொள்வேன். சாதாரண காரியம் என்றால் எதற்குப் பார்க்க வேண்டும் என்று என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நாலைந்து மாதத்தில் அந்தச் சீட் மட்டும் வெளிறத் தொடங்கியது. முதலில் பளபளப்பு போனது. பிறகு கோடு கோடாக வெடித்தது, நிறம் செதில் மாதிரி எழும்பியது. என் சீட்டும் பின் சீட்டும் அப்படியே இருந்தன.

"இதப் பாரும்மா. உனக்க கையில உள்ள அண்டிக்கறை பட்டு தோலு உரியுது."

அம்மா குனிந்து பார்த்தாள். "எனக்க கையையே உரிக்கியது, மாட்டுத்தோல விடுமா மக்கா?" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு கையையும் மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது சீட்டைத் தொடாமல் கதவுக்கு மேலே எட்டிப் பிடித்தாள். ஒரு நாள் முட்டு நிமிராமல் பாதி எழும்பித் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கை படாமலிருந்தும் நிறம் போவது நிற்கவில்லை. லேபில் இப்படி ஒரு ரிசல்ட் வந்திருந்தால் சாம்பிளைத் திரும்ப எடுத்துப் பார்த்திருப்பேன். இங்கே பார்க்கவில்லை. துடைப்பதையும் நிறுத்தவில்லை.

ஆலைக்கு லீவு விட்ட ஒரு நாள், அமரவிளையில் ரோட்டோரம் இருக்கும் சீட் தைக்கும் கடைக்குக் கிளம்பினேன். "நானும் வாறேன்" என்று அம்மாவும் புறப்பட்டாள். காரில் எங்காவது போக அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடையை நடத்துகிறவளுக்கு நாற்பது வயது இருக்கும். நைட்டிக்கு மேல் ஆண்கள் சட்டை, கழுத்தில் டேப். மலையாளமும் தமிழும் ஒரே மூச்சில் வரும். இடது சீட்டின் தோலை முழுக்க மாற்ற வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா இடையில் புகுந்தாள்.

"மக்களே, ஒரு காரியம். நான் இருக்கிய சீட்டுக்கு ரெக்சின் போட்டா போதும். தோலு வேண்டாம். எனக்க கை அண்டி தல்லுத கையாக்கும்."

இதைச் சொல்லத்தான் கூட வந்திருக்கிறாள்.

"அதெப்பிடி சேச்சி? ஒரு வண்டியில ரெண்டு சாதியா?"

அந்தச் சொல்லுக்கு எங்கள் பேச்சில் வகை என்றும் பொருள் உண்டு. அவள் அதைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

சீட்டின் மேல் குனிந்து கட்டைவிரலால் அங்கங்கே அழுத்திப் பார்த்தாள். "சேச்சி, கையக் காட்டுங்க" என்றாள். அம்மா தயங்கி நீட்டினாள். அந்த விரல்களைச் சீட்டின் ஓரத்திலிருந்த கறுப்புத் தடங்களின் மேல் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாள்.

"இந்த நாலு கறுப்பு உங்களுக்கதாக்கும். அது மேலோட தான் இருக்கு, தோலத் தின்னல்ல. போனது எங்கேண்ணு பாருங்க. நடுவுல போயிருக்கு. சாயுற எடத்துல போயிருக்கு. நீங்க என்ன, முதுகு வச்சா அண்டி தல்லுதிய?"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"இத யாரு தொடைக்கியது? என்ன வச்சு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் மேஜையிலிருந்த ஒரு குப்பியைத் திறந்து வெள்ளைத் துணியில் நனைத்து, சீட்டின் அடியில் கண்ணில் படாத இடத்தில் நாலு இழுப்பு இழுத்தாள். துணி பழுப்பானது. அந்த மணம் எனக்குத் தெரியும்.

"ஸ்பிரிட்டாக்கும். தோலுக்கு மேல உள்ள நிறம் முழுக்க இதுல எளகிப் போவும். ஒரு நாள் ரெண்டு நாள் தொடைச்சா இப்பிடி ஆவாது. ஆரோ நேர்ச்ச வச்ச மாதிரில்லா தொடைச்சிருக்கு!"

அம்மாவின் சிரிப்பு நின்றது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. வெயிலில் கதவு திறந்து கிடந்த காரின் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானாக்கும் தொடைச்சது" என்றாள்.

"சேச்சியா?"

"கறை பிடிச்சிருமேண்ணு. மொவனுக்க லேப் மருந்து வண்டியில கெடந்துது. அத எடுத்துத் தொடைச்சேன்."

"நல்ல ஆளு போங்க! படிச்ச மொவன் பக்கத்துல இருக்கான், ஒரு வார்த்த கேக்கப்படாதா? சாரே, நீங்களும் கண்டுட்டு சும்மாவா இருந்திய?"

"நான் கவனிக்கல்ல" என்றேன்.

நாக்கு தடுமாறக்கூட இல்லை. அம்மா இன்னும் ஐந்து நிமிஷம் அவளிடம் திட்டு வாங்கினாள். ஈரத்துணி போதும், மருந்து ஒன்றும் தொடக்கூடாது, தோல் என்பது நம் தோல் மாதிரி என்று அவள் சொல்லச் சொல்ல, "சரி மக்களே, சரி மக்களே" என்று அம்மா தலையாட்டினாள். நான் அந்தப் பேச்சுக்குச் சம்பந்தமில்லாதவன் போலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தோல் முழுக்க மாற்ற வேண்டாம், உரிந்த துண்டுகளை மட்டும் மாற்றி மற்றதற்கு நிறம் கொடுத்தால் போதும் என்று முடிவானது. ரெக்சின் பேச்சை அம்மா திரும்ப எடுக்கக் கடைக்காரி விடவில்லை. நாலு போல்ட்டையும் கழற்றி சீட்டை வெளியே தூக்கினாள். அதற்கு அடியில், கார்ப்பெட்டில், காய்ந்து பழுப்பேறிய பஞ்சு உருண்டைகள் கிடந்தன. ஆறோ ஏழோ இருக்கும். அவள் சீட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவதற்குள் அம்மா குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவளால் குனிய முடியாது என்பது எனக்குத் தெரியும். நான் குனியவில்லை.

திரும்பும்போது அம்மா பின்னால் இருந்தாள். என் பக்கத்தில் சீட் இல்லாத இடம். முன்னால் ஒரு டிப்பர் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது, முந்த இடமில்லை. பாறசாலைக்குத் திரும்பும் இடத்தில் அம்மா கேட்டாள்.

"தெனமும் தொடைப்பியா மக்கா?"

குரலில் கோபம் இல்லை. எத்தனை மணிக்கு எழும்பினாய் என்று கேட்பது போலத்தான் கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வேண்டிய நேரம் இருந்தது.

"இல்லம்மா. எப்பவாச்சும்."

"எப்பவாச்சும் தொடைச்சதுக்கே இந்தக் கோலம்ணா கொள்ளாத தோலாக்கும் அது. டாக்டரு உன்ன நல்லா ஏமாத்திட்டாரு" என்றாள்.

அம்மா எழுத்தறிவு வகுப்பில் மலையாள எழுத்துப் படித்தவள். பஸ் போர்டு வாசிப்பாள், ரேஷன் கார்டில் தன் பெயரைக் கண்டுபிடிப்பாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அந்தக் கேள்விக்கு இங்கே பதில் எழுத எனக்குத் துணிச்சல் வருவது அதனால்தான்.

தினமும்தான். அண்டியாபீஸுக்கு லீவு விட்ட நாட்கள் நீங்கலாக.